டேக் ஒட்டும் முன்னே: ஆர்எஃப்ஐடி விஷயத்தில் நம்மூர்க்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாங்குநேரி டோல்கேட்டில் வண்டி மெதுவாகிறது. மேலே இருக்கும் ஆண்டெனா முன்கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக்கைப் படிக்கிறது, கம்பி தூக்கிக்கொள்கிறது. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானதிலிருந்து நெல்லைச் சீமையில் கார், லோடு வண்டி வைத்திருக்கும் எல்லாருக்கும் பழகிப்போன காட்சி இது. அதைப் பார்த்துப் பார்த்தே, கடைக்கோ கிட்டங்கிக்கோ ஆர்எஃப்ஐடி, அதாவது சிப் உள்ள டேக்கின் எண்ணை ரேடியோ அலையால் படிக்கும் முறையை, போட நினைப்பவர்கள் டேக்கை ஒட்டி அதைப் படிக்கும் கருவியான ரீடரை மாட்டினால் வேலை முடிந்தது என்று நம்பிவிடுகிறார்கள். டோல்கேட்டில் எல்லாமே முன்கூட்டித் தீர்மானித்தவை. ஒரு பாதையில் ஒரு வண்டிதான் வரும், டேக் கண்ணாடியில்தான் இருக்கும், ஆண்டெனாவின் உயரமும் சாய்வும் அதற்கேற்றபடி அமைந்திருக்கும். நம் கடையில் இதையெல்லாம் நாம்தான் தீர்மானிக்க வேண்டும். பணம் வீணாவது பெரும்பாலும் அதைச் செய்யாததால்தான்.

இருக்கும் இடத்தைக் காட்டும் என்று நினைப்பது

மேலப்பாளையம் சந்தைப் பக்கம் ஆடு மாடு வைத்திருப்பவர்களிடம் இதைப் பற்றிப் பேசினால் முதலில் வரும் கேள்வி, “அண்ணாச்சி, காதுல இத மாட்டிட்டா ஆடு எங்க நிக்குன்னு போன்ல காட்டுமா?” என்பதுதான். காட்டாது. பேட்டரி இல்லாத டேக் தானாகப் பேசாது. ரீடர் அனுப்பும் அலையிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு, தன் எண்ணை மட்டும் திருப்பிச் சொல்லும். இந்த எண், இந்த ரீடர் முன்னால், இந்த நேரத்தில் வந்தது என்ற தகவல் கிடைக்கும், அவ்வளவுதான். ஆடு மேயும் இடம் தெரிய வேண்டுமென்றால் ஜிபிஎஸ் பட்டைதான் வழி. அதற்குப் பேட்டரி வேண்டும், சிம் வேண்டும், செலவும் வேறு.

இதிலேயே இன்னொரு குழப்பமும் உண்டு. அரசுத் திட்டத்தில் மாடுகளின் காதில் போடும் 12 இலக்கத் தோட்டில் சிப் கிடையாது. அதில் அச்சிட்ட எண்ணும் பார்கோடும்தான் இருக்கும். கால்நடைக்கான ஆர்எஃப்ஐடி தோடு வேறு. அது 134.2 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்யும், எண்ணும் 15 இலக்கம். காதில் ஏற்கெனவே தோடு கிடக்கிறதே என்று ரீடரை மட்டும் வாங்கிவந்தால் அதில் படிக்க ஒன்றும் இருக்காது.

தூரத்தை மட்டும் பார்த்து அலைவரிசையைத் தேர்ந்தெடுப்பது

மூன்று குடும்பங்கள் உண்டு. 125, 134.2 கிலோஹெர்ட்ஸ் டேக்குகளைப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் படிக்கும். ஆனால் ஈரமும் உடம்பும் அவற்றை அவ்வளவாகத் தடுப்பதில்லை, ஆட்டுக்கும் மாட்டுக்கும் அவை ஒத்துவருவது அதனால்தான். 13.56 மெகாஹெர்ட்ஸ் என்பது அட்டைகளுக்கும் நூலகப் புத்தகங்களுக்கும் உரியது. என்எஃப்சி (அருகில் வைத்தால் தகவல் பரிமாறும் வசதி) உள்ள போன் பேசுவதும் இந்த அலைவரிசையில்தான். மூன்றாவது யுஹெச்எஃப், நம் நாட்டில் 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசை. பல மீட்டர் தூரத்திலிருந்தே, நூற்றுக்கணக்கான டேக்குகளைச் சில நொடிகளில் படித்துவிடும். ஃபாஸ்டேக் இந்தக் குடும்பம். விற்க வருபவர்கள் காட்டுவதும் பெரும்பாலும் இதைத்தான். ஆனால் தண்ணீர் அந்த அலையை உறிஞ்சிவிடும், உலோகம் திருப்பி அடித்துவிடும்.

களக்காட்டு வாழைத்தாரை எடுத்துக்கொள்ளுங்கள். தண்டும் காயும் நீர் கோத்தவை. தாரில் நேரடியாகக் கட்டிய யுஹெச்எஃப் டேக், குவியலின் நடுவே போனதும் பேசாது. பிளாஸ்டிக் கூடையின் வெளிப்பக்கத்தில், காயைத் தொடாமல் கொஞ்சம் இடைவெளி விட்டு ஒட்டினால் அதே டேக் நன்றாகப் படிக்கும். தாரைக் கணக்கெடுப்பதைவிடக் கூடையைக் கணக்கெடுப்பதே நடக்கிற காரியம்.

உலோகத்தில் சாதாரண லேபிளை ஒட்டுவது

நம்மூரில் அதிகம் நடக்கக்கூடிய தவறு இதுதான். கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு விடும் கடையை நினைத்துப் பாருங்கள். அண்டா, குண்டான், தேக்சா, வாளி, கரண்டி என்று ஒரு முகூர்த்தத்துக்கு லோடு லோடாகப் போகும். திரும்பி வரும்போது நான்கு கரண்டியும் ஒரு மூடியும் குறையும். ஆர்எஃப்ஐடி இதற்கென்றே வந்தது போலத் தோன்றும். அண்டாவின் வயிற்றில் காகித லேபிளை ஒட்டி, ரீடரை ஒரு சாண் தள்ளிப் பிடித்தாலும் சத்தமே வராது. அதே லேபிளைப் பிய்த்து அட்டைப்பெட்டியில் ஒட்டினால் கத்திக்கொண்டு படிக்கும்.

காரணம் இது. உலோகத்தில் பட்டுத் திரும்பும் அலை, வருகிற அலையைப் பரப்பையொட்டி ஏறக்குறைய அழித்துவிடுகிறது. டேக்கின் ஆண்டெனாவும் உலோகத்தின் அருகில் தன் சுருதியை இழந்துவிடுகிறது. 866 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் சுமார் 35 செ.மீ. ஆனால் லேபிளுக்கும் பாத்திரத்துக்கும் நடுவே இருப்பது பசையின் தடிமன்தான். உலோகத்தில் ஒட்டுவதற்கென்றே அடியில் தடுப்பு அடுக்கு வைத்த கெட்டியான டேக்குகள் விற்கின்றன. விலை கூடுதல், ஆனால் வேலை செய்யும்.

அதை வாங்கிவிட்டாலும் முடிந்தபாடில்லை. அண்டா விறகடுப்பில் ஏறும், பிறகு சாம்பலும் புளியும் போட்டுத் தேய்ப்பார்கள். அடிப்பக்கத்தில் எந்தப் பசையும் நிற்காது. வளையத்துக்குப் பக்கத்தில், விளிம்பை ஒட்டி, ரிவிட் அடித்துப் பொருத்துவதுதான் சரி. தாங்கும் வெப்பநிலை எவ்வளவு என்று டேக்கின் விவரத்தாளில் பார்த்து வாங்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாகக் குண்டான்களை அடுக்கினால் உள்ளே இருப்பவற்றின் டேக் வெளியே பேசாது. அடுக்கைப் பிரித்துவைத்துத்தான் படிக்க வேண்டும், இல்லையென்றால் ஏற்றும்போதே ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். கரண்டிக்கு டேக் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கரண்டி போடும் பிளாஸ்டிக் கூடைக்கு ஒரு டேக், உள்ளே எத்தனை என்பதற்குத் தராசு. அதுவே மலிவு, அதுவே நம்பகம்.

ரீடரின் சக்தியை முழுக்கத் திறந்துவிடுவது

துணிக்கடை பில் கவுண்டரில் சேலையை வைக்கிறார்கள். பின்னால் ரேக்கில் தொங்கும் மூன்று சுடிதாரும் சேர்ந்து பில்லில் ஏறுகின்றன. அங்கே ரீடர் அளவுக்கு மேல் நன்றாகவே வேலை செய்கிறது, அதுதான் சிக்கல். சக்தியைக் குறைக்க வேண்டும், ஆண்டெனாவை மேசைக்கு அடியில் மேல்நோக்கித் திருப்ப வேண்டும், தேவைப்பட்டால் பின்பக்கம் தகடு வைத்து மறைக்க வேண்டும். பாத்திரக்கடையில் எதிரியாக இருந்த உலோகம் இங்கே உதவிக்கு வருகிறது.

வெளிநாட்டு ரீடரை ஆன்லைனில் வாங்குபவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். இந்தியாவில் உரிமம் இல்லாமல் யுஹெச்எஃப் ஆர்எஃப்ஐடிக்குத் திறந்துவிட்டது 865 மெகாஹெர்ட்ஸிலிருந்து தொடங்கும் குறுகிய பட்டை. அமெரிக்க அமைப்பில் வரும் ரீடர் 902 முதல் 928 வரை ஒலிக்கும், நம் செல்போன் அலைவரிசையின் மேலேயே ஏறும். அது சட்டத்துக்கும் புறம்பு. பெட்டியைத் திறந்ததும் ரீடரின் அமைப்பில் நாட்டை இந்தியா என்று மாற்றுவதுதான் முதல் வேலை.

டேக்குக்குள் எல்லாவற்றையும் எழுதுவது

நகைக்கடைக்காரர் சிலர் எடை, சேதாரம், விலை எல்லாவற்றையும் டேக்கிலேயே ஏற்றச் சொல்கிறார்கள். தங்க விலை நாளுக்கு நாள் மாறும்போது இது எப்படிச் சரிப்படும்? டேக்கில் ஓர் எண் போதும், மற்றதெல்லாம் கணினியில் இருக்கட்டும். யுஹெச்எஃப் டேக்கில் நாம் எழுதும் எண் ஒன்று, சிப் தயாரித்தவர் மாற்ற முடியாதபடி பதித்த எண் இன்னொன்று. இரண்டையும் சேர்த்துப் பதிந்துவைத்தால், யாராவது எண்ணை நகலெடுத்து வேறு டேக்கில் எழுதினாலும் கண்டுபிடிக்க வழியிருக்கும். எழுதி முடித்ததும் கடவுச்சொல் போட்டுப் பூட்டுங்கள். தயாரிப்பாளர் தரும்போது அது பெரும்பாலும் எல்லாம் பூஜ்யமாகவே இருக்கும்.

அட்டை வந்தால் ஆள் வந்ததாக நினைப்பது

பாளையங்கோட்டையில் பள்ளிக்கும் விடுதிக்கும் குறைவில்லை, வருகைப் பதிவுக்கு அட்டை போடுவதும் எளிது. ஆனால் வாசலைத் தாண்டியது அட்டைதான், பிள்ளை அல்ல. ஒருத்தி தன் சிநேகிதியின் அட்டையையும் பையில் போட்டுக்கொண்டு வந்தால் இரண்டு வீட்டுக்கும் குறுஞ்செய்தி போய்விடும். வகுப்பில் டீச்சர் பேர் கூப்பிடுவதை நிறுத்தவே கூடாது. சாதாரண 125 கிலோஹெர்ட்ஸ் அட்டை தன் எண்ணைக் கேட்பவர் யாருக்கும் சொல்லிவிடும், அதை நகலெடுக்க மலிவான கருவி போதும். விடுதிக் கதவு, மருந்து அறை, லாக்கர் அறை போன்ற இடங்களுக்கு ரகசியச் சாவி வைத்துப் பேசும் அட்டைகளைக் கேட்டு வாங்குங்கள். அதிலும் மைஃபேர் கிளாசிக் என்ற பழைய வகை அட்டை வேண்டாம், அதன் பூட்டு 2008லேயே உடைக்கப்பட்டுவிட்டது.

ஏசி அறையில் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுப்பது

விற்பவரின் மேசையில் எல்லா டேக்கும் படிக்கும். நாலைந்து வகை டேக்கில் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி, உங்கள் சரக்கில், உங்கள் கிட்டங்கி வாசலில், உங்கள் ஆட்கள் அவசரத்தில் ஏற்றி இறக்கும்போது பாருங்கள். முகூர்த்த நாள் சாயங்காலம் லோடு திரும்பி வருகிற நேரமே சரியான சோதனை. எத்தனை டேக் படித்தது என்பதோடு, எது படிக்கவில்லை, எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, ஈரமாக இருந்ததா என்றும் எழுதிவையுங்கள். அந்தக் குறிப்பைக் காட்டி, படிக்காத டேக்குக்கு என்ன வழி என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் சொன்ன பிறகு முன்பணம் கொடுக்கலாம்.