மலைல கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்றீங்களா, செவுத்து பிளக்குல இருந்து ஆரம்பிங்க

புதுசா சிஸ்டம் அசெம்பிள் பண்ணப்போறேன்னு வர்ற தம்பிங்க எல்லாம் மொதல்ல கேக்கறது "அண்ணா எந்த கிராபிக்ஸ் கார்டு போடலாம்"னுதான், நான் திருப்பிக் கேக்கறது "உங்க வீட்ல எர்த் இருக்கா". சிரிப்பாங்க. ஐப்பசி மழைல ஒரு சில்வர் ஓக் கிளை ஈபி லைன் மேல சாஞ்சு, அஞ்சு நிமிஷத்துல நாலு தடவ கரண்ட் போயிப் போயி வந்ததைப் பாத்த கோத்தகிரிக்காரங்க சிரிக்க மாட்டாங்க.

என் மொத சிஸ்டம் அப்படித்தான் போச்சு. கேபினட்டோட சேத்துக் குடுத்த பேர் தெரியாத எஸ்எம்பிஎஸ் (உள்ள இருக்கற பார்ட்டுக்கெல்லாம் கரண்ட் பிரிச்சுக் குடுக்கற பெட்டி), ஸ்டிக்கர்ல 500 வாட்ஸ்னு போட்டிருந்துச்சு, கைல தூக்கினா காலி டப்பா மாதிரி இருந்துச்சு, அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும். ஒரு ராத்திரி கரண்ட் திரும்பி வந்தப்ப "டப்"னு ஒரு சத்தம், கருகுன வாசம், போறப்ப மதர்போர்டையும் கூட்டிட்டுப் போயிருச்சு. மறுநாள் பஸ் ஏறி கோயமுத்தூர் கடைக்குத் தூக்கிட்டுப் போனா, கருகுனதுக்கு வாரண்டி வராதுன்னு அஞ்சு நிமிஷத்துல திருப்பி அனுப்பிட்டாங்க.

அதனால மொதல்ல எர்த். பழைய ஓட்டு வீடு, எஸ்டேட் லைன் வீட்ல எல்லாம் மூணு ஓட்டை சாக்கெட் இருக்கும், கழட்டிப் பாத்தா மூணாவது ஒயரே இருக்காது. கேபினட்டைத் தொட்டா சுருக்குனு இழுக்குதுன்னா அதான் அர்த்தம். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல மீட்டர் வச்சுப் பாக்கச் சொல்லுங்க, ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள இருந்தா நிம்மதி.

அடுத்து யூபிஎஸ். இதுல விஏ நம்பரைப் பாத்து ஏமாறாதீங்க, வாட்ஸைப் பாருங்க. கடைல சாதாரணமா குடுக்கற 600 விஏ யூபிஎஸ் 360 வாட்ஸ்தான் தாங்கும், கேம் ஓடறப்ப சிஸ்டமும் மானிட்டரும் சேந்து அந்தளவுக்கு வந்துரும், கரண்ட் போன நொடி யூபிஎஸ்ஸும் கீ கீன்னு கத்திட்டு படுத்துரும். 1000 விஏ, 600 வாட்ஸ் எடுங்க. வீட்ல இன்வெர்ட்டர் இருக்கே போதாதான்னா, சைன் வேவ் இன்வெர்ட்டரா இருந்து அதுல யூபிஎஸ் மோட் (கரண்ட் போனா சட்டுனு பேட்டரிக்கு மாறுறது) சுவிட்ச் இருந்தா ஓரளவு சமாளிக்கலாம், ஆனா அந்த மோட்ல போட்டா சாயங்காலம் ஊரே கீசரும் ஹீட்டரும் போட்டு வோல்டேஜ் இறங்கறப்ப அது பேட்டரிக்குத் தாவிட்டே இருக்கும்.

எஸ்எம்பிஎஸ் நல்ல கம்பெனி 650 வாட்ஸ், 80 பிளஸ் பிரான்ஸ் (கரண்டை எவ்வளவு வீணாக்காம குடுக்குதுன்னு சொல்ற ரேட்டிங்) போதும், கோல்டு கிடைச்சா சந்தோஷம். மொத்த பட்ஜெட் எவ்வளவா இருந்தாலும் யூபிஎஸ்ஸுக்கும் இதுக்கும்னு மொதல்லயே காசு எடுத்து வச்சிருங்க, மிச்சத்துல மத்தது.

பிராசசர்ல ஒரே ஒரு விஷயம், பேரு எஃப்னு முடியறதை வாங்காதீங்க. ஐ5 12400எஃப், ரைசன் 5 7500எஃப் இதுல எல்லாம் உள்ள கிராபிக்ஸ் கிடையாது, தனி கார்டு இல்லாம டிஸ்ப்ளேவே வராது, கொஞ்சம் காசு மிச்சமாகும், சமவெளில இருக்கவங்களுக்கு அது சரி. நம்ம கதை வேற, கார்டு ரிப்பேர்னா கீழ அனுப்பி திரும்பி வர வாரக்கணக்காகும், அதுவரைக்கும் ஜிஎஸ்டி ஃபைலிங்கும் வீடியோ எடிட்டிங்கும் யார் பண்றது. ரைசன் 5 7600 போட்டீங்கன்னா அதுலயே டிஸ்ப்ளே வரும், 65 வாட்ஸ் ரகம், பாக்ஸ்லயே கூலரும் வருது. இப்ப கைல காசு இல்லன்னா கார்டே இல்லாம வேலைய ஆரம்பிச்சுட்டு தீபாவளி போனஸ்ல கார்டு வாங்கிக்கலாம். இந்த பிராசசருக்கு பி650 மதர்போர்டு.

ராம் டிடிஆர்5, ஒவ்வொண்ணும் 16 ஜிபின்னு ரெண்டு குச்சி. பிராசசர் பக்கத்துல இருந்து எண்ணி ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்ல சொருகுங்க, அப்புறம் பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்கற செட்டிங்ஸ்) எக்ஸ்போவை, அதாவது ராமை முழு ஸ்பீடுல ஓட விடற செட்டிங்கை ஆன் பண்ணுங்க, இல்லன்னா காசு குடுத்து வாங்குன ஸ்பீடு சும்மா தூங்கும். எஸ்எஸ்டி, அதாவது கேமும் ஃபைலும் சேமிக்கற டிஸ்க், முடிஞ்சா 2 டிபி, ஏன்னா ஒவ்வொரு கேமும் நூறு ஜிபிக்கு மேல போகுது, அழிச்சுட்டு மறுபடி இறக்கிக்கலாம்னா நம்ம ஊர் நெட்டுக்கு அது ரெண்டு ராத்திரி வேலை.

கார்டு ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, 16 ஜிபி மாடல். அதே பேர்ல 8 ஜிபியும் விக்குது, பாத்து வாங்குங்க. 180 வாட்ஸ்தான் இழுக்கும்.

லிக்விட் கூலர் வேண்டாம். 1800 மீட்டர் உயரத்துல காத்து சமவெளியை விட ஆறுல ஒரு பங்கு மெலிசு, ஃபேன் கொஞ்சம் கூட சுத்தணும்கறது நெசம், ஆனா மார்கழில ரூமே எட்டு டிகிரி இருக்கறப்ப அதுக்கெல்லாம் கவலைப்படணுமா. இங்க சூட்டை விட ஈரம்தான் எதிரி. ஓதம் அடிக்கற செவுத்துல இருந்து ஒரு சாண் தள்ளி, தரைல வைக்காம மேஜை மேல வைங்க. மேல முழுசா ஓட்டையா இருக்கற கேபினட்ட நான் வாங்கித் தப்பு பண்ணிட்டேன், சூடா இருக்குன்னு எங்க வீட்டுப் பூனை அதும்மேலதான் படுக்குது, ஃபேன்ல கொத்துக் கொத்தா முடி.

கோயமுத்தூர்லயே மாட்டிக் கொண்டு வர்றீங்கன்னா கார்டை மட்டும் கழட்டி அதோட பாக்ஸ்ல போட்டு மடில வச்சுக்கோங்க, கேபினட்டை மதர்போர்டு கீழ படற மாதிரி சீட்ல படுக்கப் போடுங்க. கழட்டலன்னா மேட்டுப்பாளையம் தாண்டுனதும் ஒவ்வொரு வளைவுலயும் அந்தக் கார்டு ஆடி ஸ்லாட்டைப் பிச்சுரும். பில்லுல ஒவ்வொரு பார்ட்டோட சீரியல் நம்பரும் எழுதியிருக்கான்னு கடைய விட்டு இறங்கறதுக்கு முன்னாடியே பாருங்க, மேல வந்து பாத்து பிரயோஜனம் இல்ல.

இடி இடிச்சா பிளக்கோட லேன் கேபிளையும் புடுங்குங்க. ஃபைபர் லைன்ல கரண்ட் வராது, ஆனா இடியோட கரண்ட் மோடத்தோட அடாப்டர் வழியா வந்து, லேன் கேபிள்ல ஏறி மதர்போர்டைத் தாக்கும்.