ஒஜிப்வே நாடகத்துக்குத் தமிழ் சப்டைட்டில்: பெங்களூர் திரையிடலுக்கு ஒரு கையேடு

வட அமெரிக்கப் பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்களைப் பற்றிய ஆங்கில டிவி நாடகத்தில் ஒரு பையன் "அங்கிள்" என்று கூப்பிடுகிறான். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் எழுதுகிறவருக்கு அங்கேயே வேலை நின்றுவிடும். பெரியப்பாவா, சித்தப்பாவா, மாமாவா? உத்தேசமாக "மாமா" என்று போட்டுவிட்டு நகர்ந்தால், ஆறாவது அத்தியாயத்தில் அவர் அப்பாவோடு பிறந்தவர் என்று தெரியும்போது முன்னால் எழுதியதெல்லாம் பாழ்.

ஒஜிப்வே மக்களைப் பற்றிய நாடகத்தில் இது பெரிய விஷயம். அந்த மொழியிலும் நம்மைப் போலவே அப்பாவின் சகோதரருக்கு ஒரு சொல், 'நிமிஷோமே'. அம்மாவின் சகோதரருக்கு வேறு சொல், 'நிஜிஷே'. சித்தியும் அத்தையும் வேறு வேறு. பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் உடன்பிறந்தவர் கணக்கு. மாமன், அத்தை பிள்ளைகள் தனிக் கணக்கு. அமெரிக்க மானிடவியலாளர் லூயிஸ் ஹென்றி மார்கன் 1871-ல் வெளியிட்ட உறவுமுறை அட்டவணைகளில் ஒஜிப்வேயும் தமிழும் இரண்டுமே இருக்கின்றன. ஆங்கில வசனத்தில் மங்கிப்போன இந்த வேறுபாட்டைத் தமிழ் வரியால் திரும்பக் கொண்டுவர முடியும். அதற்குத்தான் இத்தனை பாடும்.

ஆகவே ஒரு வரிகூட எழுதுமுன் எல்லா அத்தியாயங்களையும் முழுசாகப் பாருங்கள். ஒரு பெரிய தாளில் குடும்ப மரம் வரையுங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு விஷயம் குறியுங்கள்: என்ன முறை சொல்லிக் கூப்பிடுகிறார், நீயா நீங்களா. பாட்டியிடம் பேரன் பேசுவதற்கு 'நீங்க' போட்டால் பாட்டி பள்ளிக்கூட டீச்சர்போல ஆகிவிடுவார். நம் வீடுகளில் பாட்டியை நீ என்று பேசும் உரிமை பேரனுக்கு உண்டு, அதையே கொடுங்கள். வெளியூரிலிருந்து வரும் குழந்தைநல அதிகாரிக்கு 'நீங்க'. போலீஸ்காரர் அதே ஊரில் கூடப் படித்தவராக இருந்தால், சீருடையில் இருக்கும்போது 'நீங்க', படகில் மீன் பிடிக்கும்போது 'நீ' என்று மாற்றலாம். அந்த ஒரு மாற்றமே காட்சியின் பாதி அர்த்தத்தைச் சொல்லிவிடும்.

எந்தப் பக்கத்து உறவு என்று கடைசிவரை தெரியாவிட்டால் தயாரிப்பாளரிடம் கேளுங்கள். அங்கும் பதில் கிடைக்காவிட்டால் 'மாமா' பரவாயில்லை. 'அங்கிள்' என்று அப்படியே விடாதீர்கள். பெங்களூர் காதுக்கு அது அபார்ட்மென்டில் பக்கத்து வீட்டுக்காரர். ரத்த உறவு தொலைந்துபோகும். ஒஜிப்வே ஊர்களில் மாமன், அத்தை பிள்ளைகளுக்குள் கேலி அதிகம், அது நமக்கு நன்றாகவே புரியும். ஆனாலும் 'முறைப்பெண்', 'முறைமாமன்' என்று எழுத வேண்டாம். அந்தக் காலத்தில் வடக்கு ஒஜிப்வே மக்களிடையே அப்படித் திருமணம் நடந்தது உண்மைதான். இன்றைய ஊரில் நடக்கும் கதையில் அந்தச் சொல் வந்தால், பார்க்கிறவர்கள் இல்லாத கல்யாணத்துக்குக் காத்திருப்பார்கள்.

அனுமதி

இது மரம் வரைவதற்கும் முன்னால் ஆரம்பிக்க வேண்டிய வேலை, ஏனென்றால் பதில் வர நாளாகும். குறைந்தது இரண்டு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஓடிடி கணக்கு வீட்டில் பார்ப்பதற்கு மட்டும். அரங்கில் காட்டவும், வசனத்தை மொழிபெயர்க்கவும் உரிமையாளரின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். இலவசக் காட்சி என்பதால் விதி மாறாது. கடிதத்தில் எத்தனை இருக்கை, எத்தனை காட்சி, டிக்கெட் உண்டா என்று சொல்லுங்கள். எழுத்துப் பதியாத சுத்தமான பிரதியும் வசனப் பட்டியலும் கேளுங்கள். ஒஜிப்வே மொழி தெரிந்த ஒருவர் உங்கள் வரிகளைச் சரிபார்க்க முடியுமா, அவருக்குக் கட்டணம் எவ்வளவு என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். அந்தப் பணத்தை வரவுசெலவில் முதல் வரியாக எழுதுங்கள்.

முதல் முறை செய்கிறவர்கள் அரைமணி அத்தியாயம் உள்ள நாடகமாகத் தேர்ந்தெடுப்பது நல்லது. 1980களில் கனடாவின் சிபிசி ஒளிபரப்பிய 'ஸ்பிரிட் பே' அந்த அளவுதான். 13 அத்தியாயம், ஒன்டாரியோ மாகாணத்தின் வடக்குப் பகுதியில், நிப்பிகன் ஏரிக்கரையில் ராக்கி பே ரிசர்வில் (பூர்வகுடிகளுக்கென்று சட்டப்படி ஒதுக்கிய நிலம்) படம் பிடித்தார்கள்.

தமிழில் கவிழ்க்கும் சொற்கள்

ரிசர்வ் என்பதைக் 'காப்பகம்' என்று எழுதினால் புலிகள் காப்பகம்தான் ஞாபகத்துக்கு வரும். 'ஒதுக்கீடு' என்றால் கல்லூரி சீட்டு. 'ரிசர்வ்' என்றே விடுங்கள். காட்சிக்கு முன் கொடுக்கும் ஒரு பக்கக் குறிப்பில் விளக்கிவிடலாம். அதே மாதிரி 'பேண்ட் ஆபீஸ்' என்பது ஊர் நிர்வாக அலுவலகம், வாத்தியக் கோஷ்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'ஊர் ஆபீஸ்' என்று எழுதினால் சட்டென்று விளங்கும். சீஃப் என்பவரைக் 'குலத்தலைவர்' ஆக்காதீர்கள். பெரும்பாலான ஊர்களில் அவர் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், 'தலைவர்' போதும்.

மிகச் சிக்கலானது 'இந்தியன்'. பழைய நாடகங்களில் அந்த மக்களே தங்களை அப்படிச் சொல்லிக்கொள்வார்கள். தமிழில் நேராகப் போட்டால் அரங்கம் குழம்பும். ஊர்க்காரர் தங்களுக்குள் பேசும்போது 'நம்ம ஜனம்', 'நம்மாளுங்க'. அரசு, பத்திரிகை பேசும்போது 'பூர்வகுடி'. வசை பேசும் ஆளின் வாயில் மட்டும் 'செவ்விந்தியன்' வரட்டும். மற்ற எங்கும் அந்தச் சொல் வேண்டாம். 1876-ல் வந்த கனடாச் சட்டத்தின் பெயரிலேயே 'இந்தியன்' உண்டு, அதனால் சட்டத்தைச் சொல்லும் இடத்தில் 'இந்தியன் சட்டம்' என்று பெயராக நிற்கலாம். 1985 வரை, வெளி ஆளைக் கட்டிய பெண் அந்தச் சட்டப்படி 'இந்தியன்' என்ற சட்டபூர்வ அடையாளத்தையே இழந்துவிடுவாள். 80களில் எடுத்த நாடகத்தில் ஒரு பெண் ஊர் திரும்பும் காட்சி வந்தால் இது தெரியாமல் வசனம் எழுத முடியாது. உறைவிடப் பள்ளிகளும் அப்படியே. 'ஹாஸ்டல்' என்று எழுதிவிட்டால், பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து மொழியைப் பறித்த கொடுமை வெறும் வெளியூர்ப் படிப்பாகத் தெரியும். 'அரசு பிள்ளைங்களைப் பிடிச்சிட்டுப் போன பள்ளி' என்று முதல் தடவை மட்டும் நீட்டி எழுதுங்கள், பிறகு 'அந்தப் பள்ளி' போதும்.

மனோமின் என்ற காட்டரிசி நாம் வயலில் நடும் நெல்லும் அல்ல, கேழ்வரகும் அல்ல. ஏரியில் தானாக வளரும் புல்லின் தானியம். கோடை முடிவில் ஒருவர் படகைக் கழியால் தள்ள, மற்றவர் இரண்டு சிறு கோல்களால் கதிரைப் படகுக்குள் வளைத்துத் தட்டுவார். அந்தக் காட்சியில் 'அறுவடை' என்று எழுதினால் கண்ணால் பார்ப்பதற்கும் படிப்பதற்கும் பொருந்தாது. 'காட்டரிசி தட்டுறது' என்று எழுதுங்கள்.

உச்சரிப்பில் தமிழருக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. ஒஜிப்வேயை ரோமன் எழுத்தில் எழுதும்போது, நாம் 'ழ'வுக்குப் பயன்படுத்தும் அதே இரண்டு எழுத்து வரும். அங்கே அது ழகரம் இல்லை, ஜகரத்துக்கும் ஷகரத்துக்கும் நடுவான ஒலி. 'பூழூ' என்று எழுதிய வணக்கம் யாருக்கும் புரியாது. 'போஜோ' என்று எழுதுங்கள். ஏகாரம் எப்போதும் நெடில், ஆகவே நன்றி சொல்லும் சொல் 'மீக்வேச்'. கேலிக்குப் பிறகு அவர்கள் இழுக்கும் 'ஏஏய்' ஒலியை எழுதவே வேண்டாம். தமிழில் அது அதட்டல். காதில் கேட்கிறது, அதுவே போதும்.

ஒஜிப்வே மொழியில் பேசும் வரிக்கு மூலத்தில் ஆங்கில சப்டைட்டில் இல்லையென்றால் தமிழிலும் போடாதீர்கள். வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். சடங்கு, பாட்டு, புகையிலை வைத்துச் சொல்லும் வேண்டுதல் எல்லாம் இதில் அடக்கம். மூலத்தில் மொழிபெயர்ப்பு இருந்தால் நீங்களும் மஞ்சள் நிறத்தில் கொடுங்கள். ஆங்கிலத்தில் செய்வதுபோல் சாய்வெழுத்து வேண்டாம். தமிழ் எழுத்து சாய்ந்தால் சுழியும் புள்ளியும் ஒட்டிக்கொண்டு படிக்க வராது.

எத்தனை எழுத்து, எத்தனை நொடி

பெங்களூரில் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படித்த தலைமுறை பெரியது. தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள். சென்னைக்கு எழுதும் வேகம் இங்கே ஆகாது. நொடிக்கு 11 எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள், இடைவெளியும் சேர்த்து. ஒரு வரிக்கு 28 எழுத்து, அதிகபட்சம் இரண்டு வரி. குறைந்தது ஒரு நொடி, நீண்டது ஏழு நொடி திரையில் நிற்கலாம்.

மென்பொருளின் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். 'க்' என்பது நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கு இரண்டு. சப்டைட்டில் எடிட் போன்ற இலவச மென்பொருளில் நொடிக்கு 18 என்று வரம்பு வைத்தால், நம் 11-க்குக் கிட்டத்தட்ட வரும்.

ஒரு வரியைச் சுருக்கிப் பார்க்கலாம். ஏரியில் பனி உறையும் காலம். பையன் ஓடிவந்து, மாமா தடுத்த செய்தியைச் சொல்கிறான். அவன் பேசும் நேரம் ஒன்றரை நொடி. "பனிக்கட்டி இன்னும் பாதுகாப்பானதாக இல்லை என்று மாமா கூறுகிறார்" என்றால் இடைவெளியோடு 37. மூன்று நொடிக்கு மேல் வேண்டும். "ஐஸ் தாங்காதாம், மாமா சொன்னார்" என்றால் 17. சரியாக உட்காரும். மாமா பின்னாலேயே நடந்து வருவது தெரிந்தால் "ஐஸ் தாங்காதாம்" மட்டும் போதும். யாரோ சொன்னார் என்பதை அந்த 'ஆம்' ஏற்கெனவே சொல்லிவிடுகிறது. இப்படி 25 நிமிட அத்தியாயத்தில் 250 முதல் 350 சப்டைட்டில் துண்டு வரும், ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

பேச்சுத் தமிழில் எழுதுங்கள், ஆனால் ஏதோ ஒரு வட்டாரத்தின் கொச்சையைக் கொண்டுவராதீர்கள். மதுரைப் பேச்சைப் போட்டால் நிப்பிகன் ஏரி வைகைக் கரை ஆகிவிடும். அமைதியையும் மதியுங்கள்: இந்த நாடகங்களில் ஒருவர் பேசி முடித்து அடுத்தவர் வாய் திறக்க நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் முந்தைய வரியை நீட்டி நிறுத்தாமல், பேச்சு முடிந்த அரை நொடிக்குள் எடுத்துவிடுங்கள்.

கோப்பும் அரங்கமும்

சப்டைட்டில் கோப்பை யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு முறையில் சேமிக்காவிட்டால் எல்லாம் கேள்விக்குறியாக வரும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது எந்தத் திரையிலும் தமிழாக வராது, யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும். டிவியில் பென்டிரைவ் செருகிப் போட்டால் கொம்பும் காலும் இடம் மாறி வருவது சகஜம். மடிக்கணினியில் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை வைத்து ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் படத்தோடு பதித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. பதிக்க அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.

ஆரம்பத்தில் பொருந்தி, போகப்போக எழுத்து பின்தங்கினாலோ முந்தினாலோ, பிரேம் வேகம் (நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்பது) பொருந்தவில்லை என்று அர்த்தம். 23.976-க்கு எழுதியதை 25-ல் ஓடும் பிரதியோடு போட்டால் 24 நிமிடத்தில் ஏறக்குறைய ஒரு நிமிடம் விலகும். ஒவ்வொரு வரியாக நகர்த்தாமல், மென்பொருளில் பிரேம் வேகத்தை மொத்தமாக மாற்றுங்கள். முதலிலிருந்தே ஒரே அளவு விலகியிருந்தால் அது வேறு நோய். எல்லா வரியையும் ஒன்றாகத் தள்ளினால் தீரும்.

அல்சூர், ஸ்ரீராம்புரம் பக்கத்துச் சின்ன அரங்குகளில் தரை சமமாக இருக்கும், பிளாஸ்டிக் நாற்காலி போடுவார்கள். முன்வரிசைத் தலை சப்டைட்டிலை மறைத்துவிடும். திரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து நாலரை அடியாவது உயரட்டும். முடியாதென்றால் எழுத்தைத் திரையின் மேலே போடுங்கள். வெள்ளை எழுத்துக்குக் கறுப்பு விளிம்பு கட்டாயம், ஏனென்றால் பனிக் காட்சிகள் அதிகம். விளிம்பில்லாத வெள்ளை அதில் கரைந்துவிடும். முதல் நாளே அதே அரங்கில், அதே புரொஜெக்டரில் ஒரு பனிக் காட்சியை ஓட்டி, கடைசி வரிசையில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள்.

தமிழ் படிக்க வராத குழந்தைகளும் கண் மங்கிய பெரியவர்களும் வருவார்கள். ஓர் ஓரத்தில் அவர்களை உட்கார வைத்து, ஒருவர் மெல்லிய குரலில் வரிகளைப் படித்துக் காட்டலாம். படிப்பவர் முன்கூட்டியே இரண்டு தடவை ஒத்திகை பார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் நடிகரின் குரல் மேல் ஏறிவிடுவார்.

காட்சி முடிந்ததும் தமிழ்க் கோப்பையும், எந்தச் சொல்லுக்கு எதைப் போட்டீர்கள் என்ற பட்டியலையும் உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். சரிபார்த்தவரின் பெயரை அவர் சம்மதித்தால் கடைசி வரியில் போடுங்கள். அந்த வரி நான்கு நொடி நிற்கட்டும்.