சபையில் வீட்டு ஜெபக் கூட்டம் தொடங்குவது எப்படி

கன்னியாகுமரி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளைக்குப் பக்கத்தில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் சபை. அங்கே 17 வருடமாக ஒரு வீட்டு ஜெபக் குழுவை நடத்தி வருகிறேன். போன மாதம் அடுத்த ஊர்ச் சபையிலிருந்து இரண்டு சகோதரிகள் வந்து, "அக்கா, நாங்களும் தொடங்க வேண்டும், வழி சொல்லுங்கள்" என்றார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இது எனக்கு ஏன் முக்கியமானது என்று சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிதில் நாங்கள் வேறொரு நகரத்தில் இருந்தோம். அங்கே பெரிய சபை, அருமையான பாடகர் குழு. என் கணவர் மஞ்சள்காமாலையில் மூன்று வாரம் படுத்திருந்தார். மூன்று ஞாயிறும் நான் தனியாகப் போய் அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். எல்லோரும் சிரித்த முகத்தோடு "ஸ்தோத்திரம்" சொன்னார்கள். "அவர் எங்கே?" என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்று தெரிந்து வைத்திருக்கும் பொறுப்பு அங்கே ஒருவருக்கும் இல்லை. அந்தப் பொறுப்பைப் பத்து வீட்டார் தங்களுக்குள் ஏற்றுக்கொள்வதற்குப் பெயர்தான் வீட்டு ஜெபக் குழு.

தொடங்கும்போது சபைப் பதிவேட்டைத் திறக்காதீர்கள். நடந்து போங்கள். ஒரு முற்றத்தில் நின்று கூப்பிட்டால் அடுத்த வீட்டில் கேட்க வேண்டும். அப்படி எட்டு முதல் பன்னிரண்டு வீடு போதும். அதற்கு மேல் போனால் பின்னால் ஒளிந்து உட்கார இடம் கிடைத்துவிடும். குறைந்தால், இரண்டு வீட்டார் வராத நாளில் கூட்டமே நின்றுவிடும்.

அடுத்து, ஐயரிடமும் (எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை இப்படித்தான் கூப்பிடுவோம்) சபைக் கமிட்டியிடமும் போய்ச் சொல்லுங்கள். வீட்டு ஜெபமாகத் தொடங்கித் தனிச் சபையாகப் பிரிந்துபோனவை நம் பக்கத்தில் பல உண்டு. ஐயர் தயங்கினால் அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. கூட்டம் எந்த வீட்டில் என்று ஞாயிறு ஆராதனையில் அறிவிக்கச் சொல்லுங்கள். கூட்டத்தில் காணிக்கை எடுக்காதீர்கள். இந்த இரண்டும் இருந்தால் சந்தேகம் வராது. வீட்டில் கூடுவது நமக்குப் புதிதும் இல்லை. 1806-இல் மிஷனெரி ரிங்கல்தௌபே ஐயர் மயிலாடிக்கு வருவதற்கு முன்பே அந்த ஊர்க்காரரான மகாராசன் வேதமாணிக்கம் தம் உறவினரைக் கூட்டி ஜெபித்துக்கொண்டிருந்தார். தென் திருவிதாங்கூர்ச் சபைக்கு, அதாவது இன்றைய நம் குமரிப் பகுதிச் சபைக்கு, கட்டடம் பிறகுதான் வந்தது.

நேரத்தை ஊரின் பிழைப்பைப் பார்த்துக் குறியுங்கள். எங்கள் பகுதியில் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்குகிறார்கள். இரவு எட்டரைக்குக் கூட்டம் வைத்தால் அவர்கள் தூங்கி விழுவார்கள், அல்லது வரமாட்டார்கள். எங்களுக்கு வெள்ளி மாலை ஆறரை மணி, ஏழேகாலுக்கு முடித்துவிடுவோம். சொன்ன நேரத்தில் முடிப்பதும் ஒரு மரியாதை. மழை மாதங்களிலும் இலை உதிரும் காலத்திலும் வெட்டு நின்றுவிடும், கையில் பணம் இருக்காது. அந்த நாட்களில் சுற்றுலா, சீருடைச் சேலை என்று எதற்கும் பிரிவுப் பணம் கேட்காதீர்கள்.

இனி சாப்பாட்டுக்கு வருகிறேன். இது சின்ன விஷயம் என்று நினைத்துத்தான் நான் முதல் வருடம் தவறு செய்தேன். முதல் வீட்டில் சாயாவும் பிஸ்கட்டும் வைத்தார்கள். இரண்டாவது வீட்டில் பழம்பொரி. நான்காவது வீட்டில் பரோட்டாவும் கோழிக்கறியும். ஐந்தாவது வீட்டுச் சகோதரி, "எங்கள் வீட்டில் வேண்டாம் அக்கா, இடம் போதாது" என்றாள். இடம் இருப்பது எனக்குத் தெரியும். மறுநாள் காலையில் தனியாகப் போய் அவளோடு அடுப்படியில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்துத்தான் சொன்னாள்: வீட்டில் இரண்டு நாற்காலியும் ஆறு தம்ளரும்தான் இருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. நாங்கள் பரோட்டா தின்றுகொண்டே அவளைக் கதவுக்கு வெளியே நிறுத்தியிருந்தோம்.

அன்றிலிருந்து எங்களுக்கு ஒரே சட்டம். எந்த வீடானாலும் கட்டன் சாயாவும் (பால் சேர்க்காத தேநீர்), அவித்த மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு), தொட்டுக்கொள்ளக் காந்தாரி மிளகாய்த் துவையலும்தான். கையில் பணம் உள்ளவர்களும் இதை மீறக் கூடாது. அவர்களுக்குத்தான் இதை முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஐந்து பாயும் முப்பது எவர்சில்வர் தம்ளரும் வாங்கினோம். அவை ஒரு சாக்கில் வீட்டுக்கு வீடு போகும். முதியவர்களுக்கு மட்டும் நாற்காலி, மற்ற எல்லோருக்கும் பாய். அடுத்த சுற்றில் அந்தச் சகோதரி வீட்டில் கூடியபோது அவளே முதல் பாட்டை எடுத்துப் பாடினாள். நீங்கள் இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இந்தச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தின் முறை எளிது. ஒரு பாட்டு, ஒரு வேதபகுதி, அதைப் பற்றி ஒரே ஒரு கேள்வி, பிறகு ஜெபம். பிரசங்கம் வேண்டாம்; ஞாயிற்றுக்கிழமை அதற்கு இருக்கிறது. வாசிப்பது வாராவாரம் ஆள் மாற வேண்டும். எழுத்துக்கூட்டி வாசிக்கிறவர்கள் தங்கள் முறை வரும்போது ஒதுங்கப் பார்ப்பார்கள். பகுதியை முந்தின வாரமே சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

எல்லைப் பகுதிச் சபைகளுக்கு மொழி ஒரு தனிக் காரியம். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அதற்கு முன், இன்று கேரளத்தில் இருக்கும் பாறசாலைக்குப் போவது என் அம்மாவுக்கு அடுத்த ஊருக்குப் போவதுதான். இன்றும் அங்கிருந்தும் நெய்யாற்றின்கரையிலிருந்தும் பெண் எடுக்கிறோம், கொடுக்கிறோம். மலையாளம் மட்டும் படித்த மருமகள் தமிழ்க் கூட்டத்தில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பாள். அவளை மலையாள வேதாகமத்தைக் கொண்டுவரச் சொல்லி, அதே பகுதியை அவளும் வாசிக்கட்டும். ஜெபம் எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில் இருக்கட்டும். என்னைச் "சேச்சி" என்று கூப்பிடுகிறவர்கள் இப்போது நான்கு பேர்.

ஜெபக் குறிப்பில் மிகுந்த கவனம் வேண்டும். பத்து வீட்டில் சொன்னது விடிவதற்குள் சந்தைக்குப் போய்விடும். "அந்தக் குடும்பத்துக்காக ஜெபியுங்கள், மகன் குடிக்கிறானாம்" என்று தொடங்கும் ஜெபக் குறிப்பு ஜெபமே ஆகாது. நானும் ஒருமுறை, ஒரு தாய் என்னிடம் தனியாகச் சொன்னதைக் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னேன். அவர் இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை, அதற்கு அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆகவே, தன் காரியத்தைத் தானே சொல்ல வேண்டும். அடுத்தவர் காரியம் என்றால், "சொல்லட்டுமா?" என்று முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும். பெயர் சொல்ல முடியாத பாரத்தை, "ஒரு வீட்டுக்காக" என்று மட்டும் சொல்லி ஜெபிக்கலாம். தேவனுக்கு வீடு தெரியும்.

அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரத்தில், முதல் சபையார் உறுதியாய்த் தரித்திருந்த காரியங்களைச் சொல்லும்போது நம் பழைய மொழிபெயர்ப்பில் "அந்நியோந்நியம்" என்று ஒரு வார்த்தை வருகிறது. ஒருவருக்கொருவர் என்பதே அதன் வேர். கொடுக்கிறவர் எப்போதும் கொடுத்துக்கொண்டும், வாங்குகிறவர் எப்போதும் வாங்கிக்கொண்டும் இருந்தால் அது அந்நியோந்நியம் ஆகாது. வளைகுடாவில் வேலை போய்த் திரும்பி வந்த ஒரு தம்பிக்கு நாங்கள் அரிசியும் ஆறுதலும் கொடுத்தோம். அவர் வருவதையே நிறுத்திவிட்டார். பிறகு ஒருநாள் கூட்ட வீட்டில் மின்சாரக் கோளாறு. ஆள் அனுப்பி, "தம்பி, வந்து பாருங்கள்" என்று கேட்டோம். வந்து சரிசெய்தார், அன்றைக்குக் கடைசிவரை இருந்தார், அதன்பின் ஒரு வெள்ளியும் தவறவில்லை. யாராவது விலகிப் போனால் அவரிடம் ஓர் உதவி கேட்டுப் பாருங்கள்.

பிடி அரிசியை நாங்கள் விடவில்லை. உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போடுவது நம் பாட்டிமார் வழக்கம். மாதக் கடைசியில் அதைச் சேர்த்து, நோயாளி இருக்கிற வீட்டுக்குக் கொடுக்கிறோம். அளந்து கொடுக்கிற வேலை எங்கள் குழுவிலேயே மிக ஏழையான ஒரு விதவைத் தாயாருடையது. ஆனால் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு மாதக்கணக்கில் போய்வரும் வீட்டுக்கு அரிசியைவிடத் துணைக்கு ஆள்தான் தேவை. ஒரு நோட்டில் முறை எழுதி வையுங்கள்: யார் கூடப் போகிறார்கள், யார் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வருகிறார்கள், ஆடு மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுகிறார்கள்.

வேலிச் சண்டை, பலாமரச் சண்டை எல்லாம் வரும். அதைக் கூட்டத்தில் பேசாதீர்கள். அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்து ஞாயிறுக்கு முந்தின வாரம் இரண்டு பேராகப் போய், இரண்டு தரப்பையும் தனித்தனியாகக் கேளுங்கள். சபையார் எல்லோரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் அசனத்தன்று இருவரையும் ஒரே வெங்காய மூட்டைக்கு முன் உட்காரவைத்து அரியச் சொல்லுங்கள். புதிதாக வந்த குடும்பத்தையும் அங்கேயே சேருங்கள். பந்தியில் முதல் வரிசையில் உட்காரவைத்தால் அவர்கள் விருந்தாளியாகவே இருந்துவிடுவார்கள்.

கடைசியாக, அந்த நோட்டு. வந்தவர் பெயரை நாங்கள் எழுதுவதில்லை. வராதவர் பெயரைத்தான் எழுதுகிறோம். சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் யாராவது ஒருவர் அந்த வீட்டு முற்றத்தில் போய் நிற்க வேண்டும். "நேற்று ஏன் வரவில்லை?" என்று கேட்கக் கூடாது. "சுகமாக இருக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டு, அவர்கள் சாயா தந்தால் குடித்துவிட்டு வாருங்கள்.