முழுமுக மாஸ்க்: கண்ணாடி மங்கினால் வால்வைப் பாருங்கள்

வேலூரில் நீச்சல் குளத்தில் பழகிவிட்டு, புதுச்சேரிக்குப் போய் ஸ்கூபா (சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி நீருக்கடியில் நீந்துவது) செய்பவர்களில், முகம் முழுவதையும் மூடும் மாஸ்க் அணிபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் மாஸ்க்கில் கண்ணாடி மங்கியது, கூடவே தலைவலி. கண்ணாடி மங்காமலிருக்கத் தடவும் ஆன்டி-ஃபாக் தடவியும் பலனில்லை. கோளாறு, மூக்கையும் வாயையும் மூடும் உள் கிண்ணத்தில். அதிலுள்ள மெல்லிய ரப்பர் வால்வுகள் மூச்சை இழுக்கும்போது திறந்து, விடும்போது மூட வேண்டும். விளிம்பு சுருண்டால் விட்ட மூச்சு கண்ணாடிப் பக்கம் கசியும். அதிலுள்ள ஈரம் கண்ணாடியில் படியும், கார்பன் டை ஆக்சைடு அடுத்த மூச்சில் திரும்ப உள்ளே வரும். தலைவலிக்கு அதுதான் காரணம், அலட்சியம் வேண்டாம். கிண்ணத்தைக் கழற்றி, மிதமான சோப்பு நீரில் கழுவி, வால்வுகளை ஜோடியாக மாற்றினேன். சரியானது.

நம்மூர் வெயிலில் பூட்டிய காருக்குள் மாஸ்க்கை வைக்காதீர்கள். ரப்பர் சீக்கிரம் கெடும்.

தலைப்பட்டைகளை இறுக்கும்போது முதலில் கீழ் இரண்டு, பிறகு நெற்றிப்பொட்டுப் பக்கம், கடைசியில் உச்சி. அளவுக்கு மீறி இறுக்கினால் ஓரம் மடிந்து கசியும். தாடி இருந்தாலும் அப்படித்தான். சிலிண்டர் காற்று வழக்கத்தைவிட வேகமாகக் குறைந்தால் முதலில் ஓரத்தைச் சந்தேகியுங்கள்.

மிக முக்கியம்: மாஸ்க்கைக் கழற்றினால், அதில் பொருத்திய, சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் ரெகுலேட்டரும் கூடவே போய்விடும். அதனால் பையில் ஒரு சாதாரண மாஸ்க், கழுத்தருகே வாயில் கடித்து மூச்செடுக்கும் தனி இரண்டாம்நிலை ரெகுலேட்டர் கட்டாயம். முழுமுக மாஸ்க்கைக் கழற்றி, அந்தத் தனி ரெகுலேட்டரைக் கடித்து மூச்செடுத்து, பிறகு சாதாரண மாஸ்க் அணிவதைப் பயிற்சியாளர் அருகில் நிற்க ஆழமற்ற பக்கத்தில் கை பழகும்வரை செய்யுங்கள். நீர்மட்டத்தில் மிதந்தபடி குழாய் வழியே மூச்சுவிடும் ஸ்நார்கல் முழுமுக மாஸ்க்கை ஸ்கூபாவுக்குத் தொடவே கூடாது; பெரும்பாலானவற்றில் மூக்கைப் பிடித்துக் காதழுத்தத்தைச் சமன் செய்யவே வழியில்லை.