நண்டுக்காலும் கடைவாய்ப் பல்லும்

ராமேஸ்வரம் பக்கத்துக் கடலோர ஊரான மண்டபத்தில் இருந்துகொண்டு நண்டுக்காலைப் பல்லால் உடைக்காமல் எப்படி? போன மாசியில் ‘டக்’கென்றது, வலது கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஒரு ஓரம் பெயர்ந்து நாக்கில் கிடந்தது.

பல மாதமாகவே ஐஸ் தண்ணீர் பட்டால் அந்தப் பல் சுரீரென்று கூசும். அதுதான் சொத்தையின் முதல் எச்சரிக்கை, நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்றிரவு படுத்ததும் விண்விண்ணென்று தெறித்தது. அத்தை கிராம்பை நசுக்கி வைத்தார். அதிலுள்ள ‘யூஜினால்’ என்ற பொருள் கொஞ்ச நேரம் மரக்கச் செய்யும், அவ்வளவுதான். சொத்தை உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கும்.

ராமநாதபுரத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். சொத்தை நரம்பு வரை போயிருந்தது. மூன்று தடவை பஸ் ஏறி, பல்லின் உள்ளே சுத்தம் செய்து அடைக்கும் ரூட் கெனால் முடித்து, மேலே உறை மாதிரி கேப் போட்டேன். ஊசி போட்டதால் வலி பெரிதாக இல்லை, பில்தான் வலித்தது.

‘எல்லாம் கவர் ஆகும்’ என்று ஏஜென்ட் சொன்ன மருத்துவக் காப்பீட்டு பாலிசியில் கிளெய்ம் தள்ளுபடி. விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் பல்லுக்குப் பணமாம். “நண்டைக் கடிச்சது விபத்து இல்லையாம்மா?” என்றேன், போனில் பேசிய காப்பீட்டு கம்பெனிப் பெண் சிரித்துவிட்டார்.

பாலிசியைப் புதுப்பிக்கும்போது, ஆஸ்பத்திரியில் சேராமல் பார்க்கும் வைத்தியத்துக்கான, பல்லையும் சேர்த்த புறநோயாளி ரைடர் (கூடுதல் காப்பீடு) வாங்கினேன். வருட வரம்பு, காத்திருப்புக் காலம் இரண்டையும் இந்தமுறை நானே படித்துப் பார்த்தேன். நண்டுக்கு இப்போது அம்மிக் குழவி.