நான்காவது நீட்டும் ஒரு கடன் நோட்டும்

நான் நீட் எழுதியது நான்கு முறை. 2022-ல் 238, 2023-ல் 412, 2024-ல் 529, 2025-ல் 538. கடைசி இரண்டு எண்களைக் கேட்ட சித்தப்பா, "வருஷம் பூரா வீட்டுக்குள்ள கிடந்து ஒம்பது மார்க்கா கூட்டுன?" என்று சிரித்தார். 529-க்கு என் ரேங்க் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிக் கிடந்தது, 538-க்கு இருபதாயிரத்துக்குள் வந்துவிட்டது என்று அவருக்குப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. இப்போது ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன். மூன்றாவது, நான்காவது முறைக்கு உட்காரும் தம்பி தங்கைகள் போன் செய்து கேட்பதற்கெல்லாம் தனித்தனியாகப் பதில் சொல்லி முடியவில்லை. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில், போன வருஷத்துக் கட்-ஆஃபை மறந்துவிடுங்கள். 2024-ல் முழு மார்க் 720 வாங்கியவர்கள் மட்டுமே 17 பேர். 2025-ல் இயற்பியல் எல்லோரையும் சாய்த்துப் போட்டது. நாட்டில் முதலிடம் பிடித்தவரே 686. "எனக்கு 600" என்று சுவரில் எழுதி ஒட்டினால் அடுத்த தாள் அதைப் பார்த்துவிட்டா வரப்போகிறது? நான் 2025-க்கு வைத்துக்கொண்ட இலக்கு வேறு: தப்பு இருபதுக்குள் இருக்க வேண்டும்.

காரணம் இதுதான். 2024-ல் நான் 140 கேள்வி சரி, 31 தப்பு, 9 தொடவில்லை. 2025-ல் 139 சரி, 18 தப்பு, 23 தொடவில்லை. சரிக்கு 4, தப்புக்கு மைனஸ் 1 என்று கூட்டிப் பாருங்கள். சரியான விடை ஒன்று குறைந்தும் மார்க் ஒன்பது ஏறியிருக்கிறது.

இந்த யோசனை எனக்கு வந்தது அப்பாவின் மளிகைக் கடையில். கோவில்பட்டிப் பக்கம் ஒரு சின்ன ஊர். கடனுக்குச் சாமான் வாங்குகிறவர்களுக்கு ஒரு நீள நோட்டு வைத்திருப்பார். யார், என்ன, எவ்வளவு, எப்போது தீர்த்தார் என்று நான்கு கட்டம். 2024 முடிவு வந்து நான் கல்லாவுக்குப் பக்கத்தில் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தபோது, "எங்கெங்க போச்சுன்னு எழுதிப் பாத்தியா?" என்று கேட்டார். கடையில் சில்லறை குறைந்தாலும் அவர் கேட்கும் அதே கேள்வி. எழுதிப் பார்த்ததில்லை. மூன்று வருஷமாக, தோற்றதும் செய்தது ஒன்றே ஒன்று: முதல் பாடத்திலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தது.

சரி, நோட்டை எப்படிப் போடுவது? நீட்டில் கேள்வித்தாளை வீட்டுக்கு எடுத்து வரலாம். ஓஎம்ஆர் தாளின் (வட்டத்தை நிரப்பி விடை குறிக்கும் தாள்) நகலும் விடைக்குறிப்பும் பிறகு இணையத்தில் வரும். மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி எழுத வேண்டும். பாடம், நான் குறித்தது, சரியானது, ஏன் போனது. அந்த "ஏன்" கட்டத்தில்தான் எல்லாமே இருக்கிறது. "கவனக்குறைவு" என்று மட்டும் எழுதாதீர்கள். அது காரணமே இல்லை, சமாதானம். என் 31 தப்பைப் பிரித்தபோது இப்படி வந்தது: உண்மையிலேயே தெரியாதது 6. இரண்டு தெரிந்த விஷயங்களைக் குழப்பிக்கொண்டது 11. கேள்வியைத் தப்பாகப் படித்தது 6. கணக்குப் பிழை 4. சும்மா துணிந்து குறித்தது 4. அதாவது, 31-ல் 21 எனக்குத் தெரிந்த பாடத்தில் போனவை. அதற்கு இன்னொரு முறை முழுப் பாடத்தையும் படிப்பது மருந்தே இல்லை.

குழப்பத்துக்கு மருந்து ஜோடி ஜோடியாக எழுதுவது. சிறுநீரகத்தின் ஹென்லே வளைவில் கீழிறங்கும் பகுதி தண்ணீரை விடும், உப்பை விடாது. மேலேறும் பகுதி நேர் எதிர். செல் பிரிவில், பாக்கிட்டீன் நிலையில் குறுக்கேற்றம், டிப்ளோட்டீன் நிலையில் கயாஸ்மா கண்ணுக்குத் தெரியும். இவை இரண்டையும் தனித்தனிப் பக்கத்தில் நூறு முறை படித்திருக்கிறேன். ஒரே பக்கத்தில் எதிரெதிரே எழுதியது நான்காவது வருஷத்தில்தான். இப்படிச் சுமார் 140 ஜோடி சேர்ந்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, இடது பக்கத்தைப் பார்த்து வலது பக்கத்தை வாயால் சொல்வேன். அம்மா முறுக்குப் பிழிந்துகொண்டே கேட்பார். அவருக்கு ஒன்றும் புரியாது, ஆனால் நான் திணறுவது மட்டும் நன்றாகத் தெரியும்.

தப்பாகப் படித்ததில் பாதி, "சரியற்ற கூற்று எது" வகை. வழி எளிது: கேள்வியில் "அற்ற", "தவிர" என்று கண்ட உடனே பேனாவால் வட்டம் போடுங்கள், நான்கு விடைக்கும் பக்கத்தில் சரி, தப்பு என்று குறியுங்கள். மூன்று விநாடிதான் கூடும். கணக்குப் பிழையில் என் வியாதி அளவும் அலகும். விட்டத்தைக் கொடுத்திருப்பார்கள், நான் அதையே ஆரமாகப் போட்டிருப்பேன். சென்டிமீட்டரை அப்படியே விட்டுவிடுவேன். கொடுத்த எண்களை முதலில் மீட்டரும் கிலோகிராமுமாக மாற்றி ஓரத்தில் எழுதிய பிறகே சூத்திரத்தைத் தொடுவது என்று பழகினேன்.

துணிந்து குறிப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் சண்டைக்கு வருகிறார்கள். சரிக்கு 4, தப்புக்கு மைனஸ் 1. கண்ணை மூடிக்கொண்டு நான்கு கேள்வி குறித்தால் ஒன்று சரியாகும், மூன்று போகும். கணக்குப்படி ஒரு மார்க் லாபம். உண்மைதான். ஆனால் யாரும் கண்ணை மூடிக் குறிப்பதில்லை. பிடிபடாத கேள்வியில் "இது மாதிரி இருக்கே" என்று தோன்றுகிற விடையைக் குறிக்கிறோம். கேள்வி எடுத்தவர் அந்தத் தோற்றத்துக்காகவே அதை அங்கே வைத்திருக்கிறார். நான் பத்து மாதிரித் தேர்வுகளில் இதைத் தனியாக எண்ணினேன். ஒன்றுமே தெரியாமல் குறித்த 96 கேள்வியில் 15 சரி. மொத்தத்தில் 21 மார்க் நஷ்டம். இரண்டு விடைகளை உறுதியாக அடித்துவிட்டு மிச்சம் இரண்டில் ஒன்றைக் குறித்த 70 கேள்வியில் 38 சரி. 120 மார்க் லாபம். ஆகவே என் விதி: இரண்டை அடிக்க முடிந்தால் குறி, முடியாவிட்டால் நகர். உங்கள் எண் வேறாக இருக்கலாம். எண்ணிப் பார்த்துவிட்டு விதி போடுங்கள், நண்பன் சொன்னான் என்று போடாதீர்கள்.

"தெரியாதது" ஆறில் ஒன்றுக்கு ஒரு கதை உண்டு. 2024-ல் அணுக்களைப் பற்றி வந்த இயற்பியல் கேள்வி, நாடே பேசியது. பழைய என்சிஇஆர்டி (மத்தியப் பாடநூல்) புத்தகத்தின் வரிப்படி ஒரு விடை, புதிய புத்தகப்படி இன்னொன்று. முதலில் இரண்டுக்கும் மார்க் கொடுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போய், ஐஐடி டெல்லி நிபுணர்களைக் கேட்டு, ஒரே விடைதான் சரி என்று முடிந்தது. நான் படித்தது எதிர்வீட்டு அக்கா கொடுத்த பழைய புத்தகத்தில். முதலில் 534 என்று வந்த மார்க், ஜூலை 26-ல் வந்த திருத்தத்தில் 529 ஆனது. நான்கு போய், கூடவே மைனஸ் ஒன்று. பழைய புத்தகம் வாங்கலாம், தப்பில்லை; ஆனால் இப்போதைய பதிப்பை என்சிஇஆர்டி தளத்தில் இலவசமாக இறக்கி ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பாடத்திட்டத்தையும் அச்செடுத்துக் கையில் வையுங்கள். 2024-க்கு அது குறைக்கப்பட்டது. சுருக்கிய புதிய புத்தகத்தில் இல்லாத சில தாவரக் குடும்பங்கள் பாடத்திட்டத்தில் பெயர் சொல்லி நிற்கின்றன. புத்தகத்தில் இல்லையே என்று விட்டுவிடக் கூடாது.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நானும் தமிழ் வழிதான், அரசு உதவி பெறும் பள்ளி (அதனால் 7.5 சதவீத ஒதுக்கீடு எனக்குக் கிடையாது, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள், எத்தனையாவது முறை எழுதினாலும் அதை விட்டுவிடாதீர்கள்). தமிழ்த் தாளில் ஆங்கிலமும் கூடவே இருக்கும். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கிலம்தான் முடிவு. 2018-ல் தமிழ்த் தாளில் 49 கேள்விகளில் பிழை என்று உயர் நீதிமன்றம் 196 மார்க் தரச் சொல்லியும் உச்ச நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. அதனால் கலைச்சொற்களை மட்டும் இரு மொழியிலும் படியுங்கள். இழைமணி என்றால் மைட்டோகாண்டிரியா என்று யோசிக்காமல் வர வேண்டும். நான் தமிழ்த் தாளையே வாங்கினேன், தமிழில் படித்தேன், குழப்பமான இடத்தில் மட்டும் ஆங்கில வரியைப் பார்த்தேன்.

மாதிரித் தேர்வுகள் 41 எழுதினேன். எண்ணிக்கையை விட நேரம் முக்கியம்: ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்குச் சாப்பிட்ட மயக்கத்தோடு உட்காருங்கள், ஏனென்றால் நிஜத் தேர்வும் அப்போதுதான். ஓஎம்ஆர் தாளை ஜெராக்ஸ் எடுத்துக் கறுப்புப் பால்பாயிண்ட் பேனாவால் வட்டத்தை நிரப்புங்கள். எழுதியது மூன்று மணி நேரம் என்றால் நோட்டில் ஏற்றுவது ஆறு மணி நேரம். இரண்டு நாள் ஆகும். நோட்டில் ஏற்றாமல் அடுத்த தேர்வு எழுதக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். "பழைய பாக்கி தீராம புதுச் சாமான் கிடையாது."

2025 ஜனவரியில் இன்னொரு மாற்றம் வந்தது. அதற்கு முன் 200 கேள்வியில் 180-க்கு விடை, 3 மணி 20 நிமிஷம். இப்போது 180 கேள்வி, 180 நிமிஷம், தேர்ந்தெடுக்க இடமில்லை. பழைய கணக்கில் பழகியவர்களுக்குக் கை நடுங்கும். நான் உயிரியலை முதலில் எடுத்தேன்: 90 கேள்வி, 50 நிமிஷம். அப்புறம் வேதியியல் 50 நிமிஷம், இயற்பியல் 60. மிச்சம் 20 நிமிஷம் விட்டுப்போனதற்கு. வட்டம் நிரப்புவதைக் கடைசிக்கு வைக்காமல் பக்கத்துக்குப் பக்கம் முடித்தேன். இயற்பியலில் 24 சரி, 7 தப்பு, 14 தொடவே இல்லை, 89 மார்க். தொடாத அந்த 14-ல் ஐந்தாறு, உட்கார்ந்து போட்டால் வந்திருக்கும். அதற்கு ஆகும் பத்துப் பதினைந்து நிமிஷம் என்னிடம் இல்லை. வருத்தமும் இல்லை.

பயிற்சி மையம் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: இரண்டாவது வருஷம் அம்மாவின் வளையலை அடகு வைத்து விடுதியோடு ஒரு மையத்தில் சேர்ந்தேன். பாடம் நன்றாகத்தான் நடத்தினார்கள். 238 அங்கேதான் 412 ஆனது. தெரியாதது நிறைய இருக்கிறவருக்கு அது உதவும். மூன்றாம் வருஷமும் அதே ரிப்பீட்டர் பேட்ச், அதே நகைச்சுவையோடு அதே பாடம். அங்கே என் தப்பை யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை. 150 பேர் வகுப்பில் பார்க்கவும் முடியாது. நான்காவது வருஷம் வீட்டில்தான்.

எப்போது நிறுத்துவது? எத்தனை முறையும் எழுதலாம், உச்ச வயது வரம்பும் 2022-ல் போய்விட்டது. சட்டம் தடுக்காததால் நாம்தான் முடிவு செய்ய வேண்டும். நோட்டைப் பாருங்கள். தெரிந்தும் போனது அதிகமாக இருந்தால் இன்னொரு வருஷத்துக்கு நியாயம் உண்டு. ஒரு வருஷம் முழுக்க நோட்டுப் போட்டும் அதே கட்டத்தில் அதே எண்ணிக்கை நின்றால், நான் நிறுத்தியிருப்பேன். பி.எஸ்சி. நர்சிங்குக்கும் கால்நடை மருத்துவத்தின் மாநில இடங்களுக்கும் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மார்க் போதும். நான் நர்சிங் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தே வைத்திருந்தேன். அந்தக் காகிதம் மேசை டிராயரில் இருந்ததால்தான் தேர்வறையில் மூச்சு விட முடிந்தது. தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், தப்பான எண்ணங்கள் வந்தால் உதவி எண் 104-க்குப் போன் செய்யுங்கள், அல்லது மனநல உதவி எண் 14416-க்கு. நான் 2024 ஜூனில் ஒரு ராத்திரி 104-க்கு அடித்தேன். பேசிய அக்கா ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

தேர்வு நாளுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன், மற்றதெல்லாம் ஹால் டிக்கெட்டில் இருக்கிறது. மூக்குத்தி போட்டிருந்தால் ஒரு வாரம் முன்பே ஆசாரியிடம் போய்க் கழற்றிவிடுங்கள். 2023-ல் மைய வாசலில் சோப்புத் தண்ணீர் வைத்துக் கழற்றி, மூக்கில் ரத்தத்தோடு உள்ளே போனேன்.

அந்த நோட்டில் முப்பது பக்கம் காலியாகக் கிடந்தது. கல்லூரியில் சேர்ந்த பிறகு அப்பா அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பொங்கல் லீவில் போனபோது பார்த்தேன்: ஒரு பக்கத்தில் என் கயாஸ்மா, எதிர்ப்பக்கத்தில் மேலத்தெரு ஆச்சிக்குத் துவரம் பருப்பு அரைக் கிலோ, பாக்கி.