யூரோராக் மாட்யூலுக்கு விலை வைப்பது எப்படி: 50 உருப்படிக்கு ஒரு முழுக் கணக்கு

யூரோராக் என்ற அளவு முறையில் வரும் சின்தசைசர் மாட்யூல்களை (ஒரு பெட்டியில் சேர்த்து மாட்டி இசைக்கருவியாக்கும் தனித்தனி மின்னணுக் கருவிகள்) செய்து விற்கத் தொடங்கும் பலர் பாகங்களின் விலையைக் கூட்டி, மூன்றால் பெருக்கி, அதையே விற்பனை விலையாகப் போட்டுவிடுகிறார்கள். 34 யூரோவுக்குப் பாகம், 99 யூரோவுக்கு விற்பனை என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஒரு டீலர் பத்து உருப்படி கேட்கும்போதுதான் ஒவ்வொன்றிலும் கையிலிருந்து 6 யூரோ போவது தெரியவரும். அந்த ஓட்டை எங்கே இருக்கிறது என்று ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம்.

நாம் எடுத்துக்கொள்ளும் மாட்யூல் 8 எச்பி (மாட்யூல் அகலத்தின் அலகு) அகலமுள்ள (சுமார் 40 மி.மீ.) அனலாக் ஃபில்டர், அதாவது ஒலியின் சில அதிர்வெண்களை வடிகட்டும் மாட்யூல். செய்பவர் ஜெர்மனியில் இருக்கிறார், முதல் பேட்ச் 50. தொகைகள் மாதிரிக்குத்தான், உங்கள் கொட்டேஷனில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள். கணக்கின் வரிசை மட்டும் மாறக்கூடாது.

படி 1: ஓர் உருப்படிக்குப் பாகச் செலவு

வாட் வரி நீங்கலாக, யூரோவில்:

- ஜாக் 8: 3.20
- பொட்டென்ஷியோமீட்டர் (திருப்பும் கட்டுப்பாடு) 5: 4.00
- நாப் (அதன் மேல் மாட்டும் குமிழ்) 5: 3.00
- ஐசிக்கள் (எல்எம்13700, டிஎல்074): 4.80
- ரெசிஸ்டர், கெபாசிட்டர்: 1.80
- டிரான்சிஸ்டர், எல்இடி: 1.00
- சர்க்யூட் போர்டு 2: 2.60
- சிறு பாகங்களை மெஷினில் பொருத்தும் கூலி: 7.50
- முன் பானல்: 2.20
- பவர் ஹெடர், ரிப்பன் கேபிள்: 1.30
- பெட்டி, நுரை, திருகு, கையேட்டுத் தாள்: 2.60

மொத்தம் 34.00. பாகங்கள் வந்து சேரும் கூரியர், சுங்கச் செலவு பேட்சுக்கு 150 என்றால் தலைக்கு 3.00. ஆக 37.00.

பெரும்பாலும் விட்டுப்போவது கடைசி இரண்டு வரிகள்தான். ரிப்பன் கேபிளும் பெட்டியும் ஸ்கிமாட்டிக்கில் (சர்க்யூட் வரைபடத்தில்) இருக்காது. அதனால் அதிலிருந்து எடுக்கும் பாகப் பட்டியலிலும் வராது.

படி 2: செய்கூலி, சேதாரம்

நகைக்கடை பில்லில் இருக்கும் இந்த இரண்டு வரிகளும் இங்கேயும் வேண்டும்.

முதலில் சேதாரம். 50 செய்தால் 50-ஐயும் விற்க முடியாது. ஒன்று டெமோ வீடியோ எடுப்பவருக்குப் போகும். இன்னொன்று பழுது பார்க்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் மேசையிலேயே இருக்க வேண்டும். ஒன்று வாரன்டி மாற்றுக்கு. ஒன்று எவ்வளவு பார்த்தாலும் சரிவராமல் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 46. எனவே 37 × 50 = 1,850; அதை 46-ஆல் வகுத்தால் 40.22.

அடுத்து செய்கூலி. ஜாக், பொட்டென்ஷியோமீட்டர், ஹெடர் ஆகியவற்றைக் கையால் சாலிடர் செய்ய 25 நிமிடம், டியூனிங்கும் சோதனையும் 15, பேக்கிங் 8, வாங்குபவர்களின் மின்னஞ்சல்களுக்குப் பதில் 12. மொத்தம் ஒரு மணி நேரம். மணிக்கு 20 யூரோ வைத்தால் 20.00. நேரத்தை ஊகிக்காதீர்கள். பத்து உருப்படிகளைத் தொடர்ந்து செய்து, கடிகாரம் பார்த்து, சராசரி எடுங்கள். சோதனையில் தவறியவற்றைச் சரிசெய்த நேரமும் அதில் சேர வேண்டும். சரியாக உருகி ஒட்டாத ஒரு சாலிடர் இணைப்பைத் தேடுவதிலேயே அரை மணி நேரம் போய்விடும்.

"என் உழைப்புதானே, இப்போதைக்குக் கூலி வேண்டாம்" என்று இந்த வரியை அழித்துவிடாதீர்கள். நாளை சாலிடர் வேலைக்கு ஒருவரை அமர்த்தினால் அவருக்குக் கொடுக்க விலைக்குள் பணமே இருக்காது.

படி 3: ஒருமுறைச் செலவுகள்

மூன்று சுற்று மாதிரி போர்டுகள் 240. ஐரோப்பாவில் விற்கத் தேவையான சிஇ முத்திரைக்கு முன் மின்காந்தக் குறுக்கீட்டுச் சோதனை 300. மின்கழிவுச் சட்டப்படி ஸ்டிஃப்டுங் இஏஆர் என்ற பதிவு அமைப்பிலும், பேக்கிங் பொருளுக்காக லூசிட் என்ற பதிவேட்டிலும் செய்ய வேண்டிய பதிவுகளில் இந்த மாட்யூலின் பங்கு 150. மொத்தம் 690. கையிலிருந்து போன பணத்தை முதல் பேட்சிலேயே எடுத்துவிடுவது நல்லது, இரண்டாவது பேட்ச் வருமா என்பது யாருக்கும் தெரியாது. 690 ÷ 46 = 15.00.

வடிவமைப்புக்குச் செலவான 80 மணி நேரத்தை (1,600 யூரோ) இரண்டு பேட்சுகளில், அதாவது 92 உருப்படிகளில் பரப்பலாம்: 17.39. வாரன்டிக்குத் தலைக்கு 3.00 ஒதுக்குங்கள்.

அடக்க விலை: 40.22 + 20.00 + 15.00 + 17.39 + 3.00 = 95.61

படி 4: டீலர் விலையிலிருந்து கடை விலைக்கு

உங்கள் லாபம் 15% என்று வையுங்கள். அடுத்த பேட்சுக்கான கைமுதல் இதிலிருந்துதான் வரவேண்டும். 95.61 ÷ 0.85 = 112.48. டீலர் உங்களுக்குத் தர வேண்டிய விலை இது.

டீலர்கள் பொதுவாக 30 முதல் 40% வரை கேட்பார்கள். 35 என்று கொள்வோம். பலர் இடறுவது இங்கேதான். அந்த 35% கடை விலையில் கணக்கிடப்படுவது, உங்கள் விலையின் மேல் ஏற்றுவது அல்ல. எனவே 1.35-ஆல் பெருக்கக் கூடாது, 0.65-ஆல் வகுக்க வேண்டும். பெருக்கினால் 151.85 வரும், சரியான விடை 173.05. ஒரு மாட்யூலுக்கு 21 யூரோ வித்தியாசம்.

அதன் மேல் ஜெர்மன் வாட் 19%: 205.93. ஐரோப்பாவில் கடையில் ஒட்டும் விலை வாட் உட்பட்டது. முழுமையாக்கி 209 என்று வையுங்கள்.

திருப்பிப் போட்டுப் பாருங்கள்: 209 ÷ 1.19 = 175.63, × 0.65 = 114.16, அடக்கம் போக மீதி 18.55. அதே கணக்கை 99 யூரோவுக்குப் போட்டால் டீலரிடமிருந்து வருவது 54.08. பாகமும் கூலியும் மட்டுமே 60.22. அந்த 6 யூரோ ஓட்டை இதுதான்.

முந்தைய ஆண்டு விற்பனை 25,000 யூரோவைத் தாண்டாத ஜெர்மன் சிறு தொழில்கள் வாட் வசூலிக்காமல் இருக்கலாம். தொடங்குபவர்கள் அதை நம்பி விலையைக் குறைத்துவிடுவார்கள். வரம்பைத் தாண்டிச் சலுகை போன பிறகு, அதே விலையில் வருமானம் 16% சரியும். சலுகை இருந்தாலும் விலையை வாட் இருப்பதுபோலவே வையுங்கள். பாகங்கள் வாங்கும்போது கட்டிய வாட்டை அந்தச் சலுகையில் திரும்பப் பெற முடியாது என்பதால், படி 1-ன் தொகைகளும் கொஞ்சம் ஏறும்.

படி 5: நேரடி விற்பனை

உங்கள் சொந்தத் தளத்திலும் 209தான். பணம் வாங்கும் கட்டணம் 3% போனாலும் சுமார் 74 யூரோ மிஞ்சும். அதைப் பார்த்து 179-க்கு விற்கத் தோன்றும், வேண்டாம். உங்களிடமே மலிவாகக் கிடைக்கும் பொருளை டீலர் இரண்டாவது முறை வாங்க மாட்டார்.

படி 6: சந்தையோடு ஒப்பிடுதல்

டோப்ஃபர் என்ற ஜெர்மன் நிறுவனம் வகுத்த யூரோராக் வடிவத்தில் எல்லா பானல்களின் உயரமும் 128.5 மி.மீ.தான். அதனால் வாங்குபவர் அகலத்தையும் வசதிகளையும் வைத்தே விலையை எடைபோடுகிறார். மாட்யூல்களைப் பட்டியலிடும் மாட்யூலர்கிரிட் தளத்தில் அதே அகலமுள்ள ஃபில்டர்களைப் பாருங்கள். அவை 170-ஐச் சுற்றி இருந்தால் விலையை வெட்டாதீர்கள், வடிவமைப்பைத் திருத்துங்கள்.

எவ்வளவு திருத்த வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. சேதாரம், லாபம், டீலர் பங்கு, வாட் எல்லாம் ஏறியபின், ஒரு யூரோ பாகம் கடை விலையில் 2.34 யூரோ ஆகிறது. ஒரு பொட்டென்ஷியோமீட்டரும் நாப்பும் 1.40, பொருத்தும் கூலி, மூன்று நிமிடத்துக்கு, 1.00. இரண்டும் சேர்ந்து கடை விலையில் 5.40-க்கு மேல் ஏற்றிவிடும். எப்போதோ ஒருமுறை திருப்பும் நாப் ஒன்று பானலில் இருந்தால், அதை உள்ளே டிரிம்மராக (ஸ்க்ரூடிரைவரால் திருப்பும் சிறு பாகமாக) மாற்ற முடியுமா என்று யோசிக்க வேண்டிய இடம் இது. எவ்வளவு குறைத்தாலும் எட்டவில்லை என்றால் அந்த மாட்யூலைச் செய்யாமல் விடுவதே சரியான முடிவு. 690 யூரோ செலவழிக்கும் முன்பே அது தெரிந்துவிடுவது நல்லது.

சுயமாகப் பொருத்தும் கிட்டாக விற்றால் சாலிடர் நேரம் மிச்சமாகும். ஆனால் பாகங்களை எண்ணிப் பையில் போடும் நேரமும் உதவி கேட்கும் மின்னஞ்சல்களும் கூடும். அதற்குத் தனிக் கணக்கு போடுங்கள்.

படி 7: இரண்டாவது பேட்ச்

பாகங்களை டாலரில் வாங்கி யூரோவில் விற்பவருக்கு, நாணய மாற்று விகிதமே லாபத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடக்கூடும். ஒவ்வொரு பேட்சுக்கு முன்பும் படி 1-ஐப் புதிய கொட்டேஷனோடு திரும்பப் போடுங்கள். படி 3-ன் ஒருமுறைச் செலவான 15.00 இப்போது இருக்காது. அதை விலைக்குறைப்பாகக் கொடுத்துவிடாமல், விலை ஏறிய பாகங்களுக்கு ஈடாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் உயர்த்த வேண்டியிருந்தால், டீலர்களுக்கு ஒரு மாதம் முன்பே தெரிவித்து, அதுவரை வந்த ஆர்டர்களைப் பழைய விலைக்கே அனுப்புங்கள்.